சீக்கிரம் முடிந்தால் என்ன?



"தாத்தா, இந்த கேம் ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சு. ஏமாத்திட்டாங்க!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு வந்தான் என் பேரன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வரும்போது பிளேஸ்டேஷனையும் கூடவே தூக்கி வந்திருந்தான்.

அப்படி என்னதான் ஏமாற்றி விட்டார்கள்? பார்த்து விடலாம் என்று, அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் இருந்து எனக்காக மறுபடியும் ஆடிக் காட்டினான்.

விளையாட்டின் பெயர், 'மார்வல்ஸ் ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸ்.' அமெரிக்காவின் இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது; 2020 நவம்பரில் வெளிவந்தது. இதே நிறுவனம் 2018ல் கொண்டு வந்த பெரிய ஸ்பைடர்மேன் விளையாட்டின் கிளைக்கதை இது. பெரியதன் கதை முடிய சுமார் 17 மணி நேரம் ஆகும். இதற்கு ஏழெட்டு மணி நேரம் போதும். வெளியானபோது அது 60 டாலர், இது 50 டாலர். 'பாதி சாப்பாட்டுக்கு முக்கால் காசா?' என்பதுதான் பேரனின் கோபம்!

பெரிய ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் வெளிநாடு போய்விட, நியூயார்க் நகரைக் காக்கும் பொறுப்பு, பள்ளி மாணவன் மைல்ஸ் தலையில் விழுகிறது. கிறிஸ்துமஸ் நேரம். ஊரெல்லாம் பனி. எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் வலையில் ஊஞ்சலாடிக் கொண்டே போகலாம்.

ஆரம்பமே அமர்க்களம்! ரைனோ என்று ஒரு முரடன். காண்டாமிருகம் போல இரும்புக் கவசம் போட்டவன். சிறைக்குக் கொண்டு போகும்போது தப்பி விடுகிறான். யாரால் தெரியுமா? மைல்ஸ் செய்த தவறால்! அவன் சுவர்களை இடித்துக் கொண்டு ஓட, மைல்ஸ் அவன் முதுகில் தொற்றிக் கொள்ள, கடைவீதியே அதகளமாகிறது. மைல்ஸின் கையில் இருந்து மின்சாரம் பாய்கிறது. நினைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தும் விடுகிறான். காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நினைத்தேன். ஆனால், பூனை வந்ததும் மனம் மாறி விட்டது.

கடைக்காரர் ஒருவரின் பூனை காணாமல் போகிறது. அதன் பெயரும் ஸ்பைடர்மேன்! அதை மீட்டுக் கொடுத்தால், முதுகுப் பையில் பூனை உட்கார்ந்திருக்கும் உடை கிடைக்கிறது. சண்டை நடக்கும்போது பூனை தலையை நீட்டி, ரவுடியின் முகத்தில் ஒரு பிராண்டு பிராண்டுகிறது. நான் சிரித்த சிரிப்பில் பாட்டி சமையல்கட்டில் இருந்து ஓடி வந்து விட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹார்லம் என்ற பகுதியில் ஹெய்லி என்றொரு பெண், சுவரில் ஓவியம் வரைகிறாள். அவளுக்குக் காது கேட்காது. மைல்ஸ் அவளிடம் சைகை மொழியில் பேசுகிறான். "அட, இந்தக் காட்சி எப்ப வந்துச்சு?" என்றான் பேரன். முதல் தடவை ஆடியபோது, பேச்சு வரும் இடங்களை எல்லாம் பட்டனை அழுத்தித் தாண்டி விட்டானாம்!

எதிரியாக வரும் பின் என்ற பெண், மைல்ஸின் பழைய தோழி. அறிவியல் போட்டியில் சேர்ந்து பரிசு வாங்கியவர்கள். அண்ணனை ஒரு பெரிய நிறுவனத்தால் இழந்தவள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவளோடு மோதும் கட்டத்தில், பேரன் இந்த முறை கன்ட்ரோலரை மடியில் வைத்து விட்டு, "பாவம் தாத்தா" என்றான். முதல் முறை அவனுக்கு அவள் வெறும் எதிரி.

"டேய், இப்ப சொல்லு, யார் யாரை ஏமாத்தினது?" என்றேன். பதில் இல்லை.

எனக்குக் குறை ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் அடிதடி. மாடியில் இருந்து விழுபவனைக் கூட வலை பிடித்துச் சுவரில் ஒட்டி விடுகிறது என்றாலும், அடி அடிதான். அமெரிக்காவில் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே இதை வகைப்படுத்தி இருக்கிறார்கள். சின்னக் குட்டிகள் அப்பா, அம்மாவைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஆனால், 'சின்னது' என்ற குறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைபேசியில் நீங்கள் ஆடும் பல விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. 'நாளைக்கும் வா, பரிசு தருகிறேன்' என்று கூப்பிட்டுக் கொண்டே இருக்கும். இதுவோ கதையைச் சொல்லி முடித்து, போய் வா என்று அனுப்பி வைக்கிறது.

கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடியது. அதன் பிறகு, 2020 ஆகஸ்டில் மறைந்த, 'பிளாக் பாந்தர்' பட நாயகன் சாட்விக் போஸ்மேனுக்கு அஞ்சலி. விளையாட்டில் ஹார்லம் தெரு ஒன்றுக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பேரன் அதையும் அன்றுதான் பார்த்தான். அதுவும் மறைந்த பிறகு டிவியை அணைத்து விட்டு, சைக்கிளை எடுத்துக் கொண்டு தெருவுக்கு ஓடினான்.