கலத்தின் வாயிலில் உப்பும் சீனியும்

பாகற்காயை அரிந்து, உப்பிட்டுப் பிசறிச் சற்று நேரம் வைத்தால், பாத்திரத்தின் அடியில் நீர் கட்டி நிற்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். அதில் எவரும் நீர் ஊற்றவில்லை, காயைப் பிழியவுமில்லை. காய்த்துண்டுகளோ வாடித் துவண்டுவிடுகின்றன. உலர்ந்த முந்திரிகை வற்றலை நீரிலிட்டால், இதற்கு மாறாக அது ஊதிப் பருத்துவிடுகின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரணம் ஒன்றே. அதனை மாணவர் “பிரசாரணம்” என்று பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அதே காரணத்தை வீட்டிலுள்ளோர் விளங்கி நடந்தால், வயிற்றோட்டத்தால் வாடும் ஒரு குழந்தையின் உயிரையும் காக்கலாம். பாடநூலுக்கும் தொட்டிலுக்கும் உள்ள இத்தொடர்பையே இவ்வாரம் ஆராய்வோம்.

கலம் என்பது யாது?

1665 ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் என்பார் தக்கையிலிருந்து மெல்லிய சீவலொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். தேன்வதையிற் காண்பதுபோன்ற சிறு சிறு அறைகள் அதில் நெருங்கி அமைந்திருக்கக் கண்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய கலங்களின் வெறுஞ் சுவர்களே. 1838 இல் சிலெயிடன் என்னும் அறிஞர் தாவரங்கள் யாவும் கலங்களால் ஆனவை என்றார்; அடுத்த ஆண்டிலேயே சுவான் என்பார் விலங்குகளும் அவ்வாறே என்று காட்டினார். வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் உள்ளன என இக்காலத்தார் கணக்கிட்டுள்ளனர்.

கலமொன்றின் அமைப்பை ஒரு வீட்டோடு ஒப்பிட்டு நோக்குவோம். வீட்டுக்கு வேலி உண்டு. கலத்துக்கு முதலுருமென்சவ்வு உண்டு. வேலிக்குள் வளவு இருப்பதுபோலச் சவ்வுக்குள் குழியவுரு என்னும் பாகுபோன்ற பொருள் நிறைந்திருக்கின்றது. குடும்பத் தலைவர் இருந்து கட்டளையிடும் அறைபோலக் கரு அமைந்திருக்கின்றது. அடுப்பங்கரை போன்றவை இழைமணிகள். உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோசை ஒட்சிசனுடன் சேர்த்துக் கலத்துக்கு வேண்டிய சக்தியைப் பெரும்பாலும் இவையே ஆக்கிக் கொடுக்கின்றன. தாவரக் கலமாயின் மேலும் சில வசதிகள் உண்டு. மென்சவ்வுக்கு வெளியே செலுலோசினாலான கலச்சுவரும், உள்ளே சாறு நிறைந்த பெரிய புன்வெற்றிடமும், இலைகளிற் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சையவுருமணிகளும் அதற்கு வாய்த்திருக்கின்றன.

இவற்றுள் மென்சவ்வையே நாம் இன்று சிறப்பாக நோக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக வகுத்தால் அவற்றில் ஏழெட்டுப் பங்குதான் இதன் தடிப்பு. கொழுப்புத்தன்மையுடைய பொருளால் இரண்டு படையாக அமைந்து, இடையிடையே புரதங்கள் பதிக்கப்பெற்றது அது. எண்ணெயில் உப்புக் கரையாதன்றோ? அதுபோல உப்பும் சீனியும் இக்கொழுப்புப் படையைத் தாமாக ஊடறுத்துச் செல்ல மாட்டா. அவை புகுவதற்கு அப்புரதங்களே வாயில்களாக உதவுகின்றன.

ஒன்று இரண்டாதல்

கலம் புதிதாக வெறும் வெளியில் தோன்றுவதில்லை. முன்னிருந்த கலம் பிரிந்தே புதிய கலம் உண்டாகின்றது. இவ்வுண்மை 1855 இல் ஜேர்மனிய மருத்துவர் விர்சோவால் வலியுறுத்தப்பட்டது. பிரிவு நிகழும் முறையை 1882 இல் வோல்தர் பிளெமிங் என்பார் விரிவாக வெளியிட்டார். கருவினுள்ளே நூல்போலக் கிடக்கும் நிறமூர்த்தங்கள் முதலில் இரட்டிப்படைகின்றன; பின்னர் தடித்துக் குறுகுகின்றன; கலத்தின் நடுவே வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றின் இரு கூறுகளும் எதிர் எதிர்த் திசைகளில் இழுக்கப்படுகின்றன; ஈற்றிற் கலமும் இரண்டாகின்றது. இதனையே இழையுருப்பிரிவு என்கின்றோம். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. பிரிந்த இரண்டு கலங்களிலும் அதே 46 இருக்கும். விந்தும் சூலும் உண்டாகும்போது மட்டும் ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து, தொகை 23 ஆகக் குறைகின்றது. தந்தையின் 23 உம் தாயின் 23 உம் கூடும்போது குழந்தைக்குரிய 46 நிறைவுபெறுகின்றது.

கலப்பிரிவு வளர்ச்சிக்கு மாத்திரம் உரியதென்று எண்ணலாகாது. தேய்ந்ததைப் புதுப்பிப்பதும் அதன் பணியே. நமது சிறுகுடலின் உட்புறத்திற் சடைமுளைகள் என்னும் நுண்ணிய விரல்கள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. அவற்றைப் போர்த்திருக்கும் கலங்கள் உணவோடு உராய்ந்தும் சமிபாட்டு நீர்களில் நனைந்தும் விரைவில் நலிகின்றன. சடைமுளைகளின் அடியிலுள்ள குழிகளிற் கலங்கள் ஓயாது பிரிந்து, புதியன மேலே ஏறிவர, பழையன நுனியில் உதிர்கின்றன. மூன்று நாள் முதல் ஐந்து நாளுக்குள் இப்போர்வை முழுவதும் புதிதாகிவிடுகின்றது. இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகின்றோம். பின்னர் இதனிடம் மீள்வோம்.

மூன்று வகைப் போக்குவரத்து

கலத்தினுள்ளும் புறமும் பொருள்கள் செல்லும் வழிகளிற் பிரதானமானவை மூன்று. முதலாவது பரவல். ஊதுவத்தி ஒரு மூலையில் எரிய, வாசனை வீடெங்கும் செல்வதுபோல, செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள்கள் தாமாகவே செல்கின்றன. மூச்சுப்பையிலிருந்து ஒட்சிசன் குருதியினுட் புகுவது இவ்வாறே.

இரண்டாவது பிரசாரணம். இது நீருக்குரிய போக்கு. மென்சவ்வின் ஒரு பக்கத்திற் செறிவு கூடிய உப்பு அல்லது சீனிக் கரைசலும், மறு பக்கத்திற் செறிவு குறைந்த கரைசலும் இருப்பின், நீர் செறிவு கூடிய பக்கத்தை நோக்கிச் செல்லும். 1748 இல் பிரெஞ்சு நாட்டு நொலே என்பார் பன்றியின் சலப்பையைக் கொண்டு இதனைக் கண்டறிந்தார். பாகற்காயிற் பூசிய உப்பு வெளியே செறிவைக் கூட்டியமையால் உள்ளிருந்த நீர் வெளிப்பட்டது. முந்திரிகை வற்றலுக்குள் சீனி செறிந்திருந்தமையால் நீர் உட்புகுந்தது. நமது செங்குருதிக் கலமொன்றை வெறும் நீரிலிட்டால் அது ஊதி வெடித்துவிடும், நூற்றுக்கு 0.9 பங்கு உப்புடைய நீரிலிட்டால் மாறாதிருக்கும். வைத்தியசாலைகளிற் குருதிக்குழாய் வழியே ஏற்றப்படும் “சேலைன்” அந்த அளவில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது உயிர்ப்பான கடத்தல். கிணற்றிலிருந்து நீரை மேலே இறைப்பதற்கு உழைப்பு வேண்டும். அவ்வாறே செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் பொருளைச் செலுத்தக் கலம் சக்தியைச் செலவிடவேண்டும். 1957 இல் தென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கோ என்னும் அறிஞர், நண்டின் நரம்பை ஆராய்ந்து இத்தகைய இறைப்புப் பொறியொன்றைக் கண்டுபிடித்தார். அப்புரதம் ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத் துணிக்கைகளை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியத் துணிக்கைகளை உள்ளெடுக்கின்றது. இதற்காக 1997 இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. இப்பொறி இராப்பகலாக இயங்குவதாற் கலத்தினுள் சோடியம் எப்பொழுதும் குறைவாகவே இருக்கின்றது.

வயிற்றோட்டத்தில் நடப்பது

நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது லீற்றர் நீர் நமது சிறுகுடலை வந்தடைகின்றது. நாம் உண்பதும் பருகுவதும் ஏறத்தாழ இரண்டு லீற்றர். எஞ்சியது உமிழ்நீர், இரைப்பைச்சாறு முதலியனவாக உடலே சுரப்பது. அவ்வளவையும் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, மலத்துடன் கழிவது ஒரு கோப்பையளவு நீருங்கூட இல்லை.

கொலராக் கிருமியின் நஞ்சு குடற்கலங்களிற் பட்டதும், குளோரைட்டு வெளியேறும் வாயில்கள் மூடாது திறந்தபடியே நிற்கின்றன. குளோரைட்டைத் தொடர்ந்து சோடியமும், இரண்டையும் தொடர்ந்து பிரசாரணத்தால் நீரும் குடலினுள் வழிகின்றன. கடும் நோயுற்ற வளர்ந்தவர் ஒருவர் மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் இழத்தலும் உண்டு. குழந்தையின் உடலோ சிறியது. சிறிய குடம் விரைவில் வற்றும். குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் இந்நீரிழப்பே.

இங்கேதான் ஒரு நல்வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. 1960 இல் பிராக் நகரில் நடைபெற்ற அறிஞர் கூட்டமொன்றில் அமெரிக்கரான றொபேட் கிரேன் ஒரு கருத்தை வெளியிட்டார். குடற்கலத்தின் வாயிலொன்றிற் சோடியமும் குளுக்கோசும் கைகோத்தே உட்புகும் என்பது அது. ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்பது அவ்வாயிலின் கணக்கு என்று பின்னர் தெரியவந்தது. அவை புகுந்தால் நீரும் பின்தொடரும். கொலரா நஞ்சு குளோரைட்டு வாயிலைக் கெடுத்தாலும் இவ்வாயிலைக் கெடுப்பதில்லை. ஆகவே உப்பும் சீனியும் தக்க அளவிற் கலந்த நீரைக் கொடுத்தால், நோயின் நடுவிலும் குடல் அதனை ஏற்றுக்கொள்ளும்.

1968 இல் டாக்காவில் நோயாளரிடையே இது சோதித்து மெய்ப்பிக்கப்பட்டது. 1971 இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லையைக் கடந்தனர். மேற்கு வங்காளத்துப் பொங்காவ் நகரிற் கொலரா பரவியது. குருதிக்குழாய் வழியே ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த வைத்தியர் திலீப் மஹலனபிஸ், உப்பையும் குளுக்கோசையும் சோடாவுப்பையும் நிறுத்துப் பொதிகளாக்கி, நீரிற் கரைத்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே கோப்பைகளிற் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவாயிருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. 1978 இல் இலண்டன் “லான்செற்” மருத்துவ ஏடு, இது அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகலாம் எனப் பாராட்டியது.

வீட்டிற் செய்யவேண்டியவை

“வயிற்றால் போகிறது, தண்ணீர் கொடாதே” என்று சிலர் கூறுவதைக் கேட்கின்றோம். குடம் ஒழுகுகின்றது என்று நீர் வார்க்காது விடுவதற்கு ஒப்பானது இது. வெறும் நீரை மட்டும் கொடுப்பதும் போதாது; இழந்த உப்பை அது ஈடுசெய்யாது. போத்தலில் விற்கும் இனிப்புப் பானங்களையும் தவிர்க்கவேண்டும். அவற்றிலுள்ள மிகையான சீனி, பாகற்காயிலிட்ட உப்பைப்போலக் குடலினுள் நீரை மேலும் இழுத்துவிடும்.

நம் நாட்டிற் “ஜீவனி” என்னும் பெயரில் உயிர்காக்கும் உப்புப் பொதி கிடைக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய விதிப்படி, ஒரு லீற்றர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் கறியுப்பும் 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டும் 2.9 கிராம் சோடியம் சித்திரேற்றும் வேண்டும். பொதியிற் குறித்துள்ள அளவான கொதித்தாறிய நீரில் அதனை முழுவதும் கரைக்கவேண்டும். நீரைக் குறைத்தால் உப்பு மிகுந்து தீமையாகும். கரைத்ததை 24 மணித்தியாலத்தின்பின் ஊற்றிவிடவேண்டும். பொதி கிடைக்காத வேளையில், ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், எல்லாம் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். நம் முன்னோர் கொடுத்த உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் தக்கதே. அரிசி மாப்பொருள் குடலிற் குளுக்கோசாகி அதே வாயிலைத் திறக்கின்றது.

ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றரும் சிறிது சிறிதாகப் பருக்குக. வாந்தியெடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்து, மேலும் மெதுவாகக் கொடுக்க. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. ஏன் என்பதற்கு விடை, மேலே நாம் மனத்தில் வைக்கச் சொன்ன செய்தியில் உள்ளது. நோயால் அழிந்த குடற்போர்வையைப் புதிய கலங்கள் சில நாளிற் போர்த்தவேண்டும். கலம் பிரிவதற்கு உணவு வேண்டும். வைத்தியர் நாகச்சத்து மருந்து கொடுப்பதும் இப்புதுப்பிப்புக்குத் துணையாகவே.

கண் குழிவிழுதல், அழுதாற் கண்ணீர் வாராமை, சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல், பருக இயலாமை, மலத்திற் குருதி காணல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வழியிலும் உப்புநீரைப் பருக்கிக்கொண்டே செல்க.

மாணவர்களுக்கு ஒரு சொல். உருளைக்கிழங்குத் துண்டுகள் இரண்டை ஒரே அளவில் வெட்டி, ஒன்றை வெறும் நீரிலும் மற்றதை உப்புநீரிலும் இட்டு, ஒரு மணித்தியாலத்தின்பின் அளந்து, வளைத்துப் பாருங்கள். கண்டதை வீட்டில் அன்னையாருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். அவர் அடுப்பங்கரையில் நாள்தோறும் கண்டுவரும் உண்மைக்கு நீங்கள் பெயர் சொல்வீர்கள். தம்பி தங்கையர் நோயுற்ற வேளையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சீனி என்பதை வீடு முழுவதும் அறிந்திருக்கும்.