வாக்கு என்னும் சொல்

தேர்தலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் பணித்தால், நம் மாணவருட் பலர் 'ஐ புட் மை வோட்' என்றே எழுதக் காண்கிறோம். 'ஓட்டுப் போட்டேன்' என்னும் தமிழ் வழக்கின் நிழல் அது. ஆங்கில மரபில் 'காஸ்ட்' என்பதே அவ்விடத்திற்குரிய வினை. இதனைத் திருத்துதல் எளிது; சொல்லின் பொருளை நெஞ்சிற் பதித்தலே அரிது.

'வோட்' என்பது நேர்ச்சையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நம் 'வாக்கு' என்பதும் கொடுத்த சொல்லையே குறிக்கும். இரு மொழியிலும் அஃது உறுதிமொழியேயன்றி விலைப்பொருளன்று.

1989-இல் 61ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி, வாக்குரிமை வயது 21-இலிருந்து 18 ஆயிற்று. அன்றுமுதல் அவ்வுரிமை கல்லூரி வகுப்பறைக்குள்ளும் வந்தமர்ந்தது. வாக்கியப் பிழையை ஆசிரியர் திருத்துவர்; காசுக்கு வாக்கை விற்கும் பிழையை நாமே திருத்திக்கொள்ளல் வேண்டும். ஏட்டிலும் வாழ்விலும் இச்சொல்லைப் பிழையற ஆள்வோமாக!