பொய்முடியை ஒட்டும் பசை: மறைக்கப் போய்ப் புண்ணாக்க வேண்டாம்



ஒட்டுப் பொட்டு வைத்து நெற்றியில் வெள்ளை விழுந்த பெண்களை எம்மில் பலர் பார்த்திருப்போம். அது பொட்டின் பின்னால் இருக்கும் பசையின் வேலை. சில பசைகளில் உள்ள ஓர் இரசாயனம் தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களையே அழித்துவிடும். ஒரு பொட்டளவு பசைக்கே இப்படியென்றால், காதிலிருந்து காது வரை நெற்றியோரம் முழுவதும் பசை பூசுவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். விக் எனப்படும் பொய்முடியை ஒட்டும் திரவப் பசையைத்தான் சொல்கிறேன். குட்மேய்ஸில் என்னிடம் வரும் எம்மவர்களில் ஆண்களும் பெண்களும் இதைப் பாவிக்கிறார்கள். ஆனால் வாய்திறந்து சொல்வதில்லை.

ஒரு மணப்பெண்ணின் கதை (அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியுள்ளேன்). பள்ளிக் காலத்திலிருந்தே அவருக்குப் புழுவெட்டு. கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்க, இணையத்தில் வாங்கிய பசையால் புதுப் பொய்முடியை ஒட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் நெற்றி சிவந்து நீர் வடிந்தது, கண் இமைகள் வீங்கின. கூட வந்த தாயார், "டொக்டர், ஆக்களுக்குத் தெரியாமல் எப்படியாவது மாத்தி விடுங்கோ" என்று அழுதார். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தெரியக்கூடாதென்று இவர்கள் பயந்தது மண்டபத்துச் சனத்துக்குத்தான்.

இந்தப் பசைகளில் பெரும்பாலானவை அக்ரிலேற் வகையைச் சேர்ந்தவை. சிலவற்றில் இறப்பர்ப் பாலும் உண்டு. அக்ரிலேற் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். பிறகு ஜெல் நகப்பூச்சு, சில பல் வைத்தியப் பொருட்கள், நீரிழிவுக்காரர் கையில் ஒட்டும் சில குளுக்கோஸ் சென்சர்கள் கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நீரிழிவு மலிந்த எமது சமூகத்துக்கு இது சின்ன விடயமல்ல.

பசை பாவிக்கத்தான் வேண்டுமென்றால்:

1. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி பூசி 48 மணித்தியாலம் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது. மாதக்கணக்காகப் பாவித்த பிறகும் வரலாம்.

2. புண், சொறி, செதில் உள்ள தோலிலும் சொந்த முடியிலும் பூசாதீர்கள். முடி இழுபட்டு வேரோடு போய்விடும்.

3. தோலில் எண்ணெய் இருந்தால் பசை ஒட்டாது. கழுவித் துடைத்து மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை நிறமற்றுத் தெளிந்த பின்பே அடுத்த பூச்சு. தடிப்பாகப் பூசினால் உள்ளே ஈரம் நின்றுவிடும்.

4. கழற்றும்போது பிய்க்காதீர்கள். அதற்கான கரைப்பானை இட்டுப் பொறுத்திருங்கள். பல கரைப்பான்களும் சில பசைகளும் தீப்பற்றக்கூடியவை. குத்துவிளக்கு, கற்பூரம், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

5. வீட்டுப் பசை, தொழிற்சாலைப் பசை எதையும் தலையில் வைக்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் டெசிக்கா பிரவுன் என்ற பெண் கொரில்லா குளூ ஸ்பிரேயைத் தலையில் அடித்து, இறுதியில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரே அதை அகற்ற வேண்டி வந்தது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தோல் மிகவும் மென்மையாகிவிடும். அவர்கள் பசையைத் தவிர்த்து, மென்மையான தொப்பியின் மேல் பொய்முடியை அணிவதே நல்லது.

என் அபிப்பிராயத்தில், பசைப் போத்தலை எடுக்க முன் வைத்தியரிடம் வாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு என்றால் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கடுமையான புழுவெட்டுக்கு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ரிட்லெசிற்றினிப் என்ற மருந்தை என்எச்எஸ் பாவனைக்கு நைஸ் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது. வைத்தியசாலை நிபுணர் ஊடாக என்எச்எஸ் பொய்முடியும் பெறலாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் வருமானம் குறைந்த பலருக்கும் அது இலவசம்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு, காய்ச்சலாலும் பசியாலும் தலைமுடி கொட்டிய எத்தனையோ பெண்களைத் தென்மராட்சியில் பார்த்தேன். அன்று மறைக்க எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. எவரும் சிரிக்கவுமில்லை. இங்கே வந்து வசதி கூடியபின் ஏன் இந்தப் பயம்?

அந்த மணப்பெண் மருந்து பூசி, பசையில்லாத சிலிக்கோன் பட்டி வைத்த பொய்முடியோடு குறித்த நாளிலேயே மணவறையில் இருந்தார். நெற்றியில் சிவப்பு முற்றாக மாறியிருக்கவில்லை. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு செய்த தோல் பரிசோதனையில் அக்ரிலேற் ஒவ்வாமை உறுதியானது.

பொய்முடி அணிவதில் ஒரு வெட்கமும் இல்லை. அடுத்த முறை ஒரு கலியாண வீட்டில் யாருடைய முடியையாவது உற்றுப் பார்க்கத் தோன்றினால், பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாம் உற்றுப் பார்ப்பதை விட்டால், பசைப் போத்தலைத் தேடுபவர்களும் குறைவார்கள்.