மூடிய பள்ளியும் மூடாத கடமையும்

2020-ம் வருஷத்தில் கோவிட் என்னும் கொள்ளைநோய் உலகமெங்கும் பரவியபோது, பள்ளிக்கூடங்களை மூடுவதா, திறந்து வைப்பதா என்ற விவாதம் எழாத தேசம் இல்லை. நோயின் உக்கிரம் தணிந்து வருஷங்கள் சில கழிந்துவிட்டன. அக்காலத்தில் ஒவ்வொரு சமூகமும் நடந்துகொண்ட விதத்தை ஆத்திரமும் பயமும் இன்றி ஆராய்வது இப்பொழுதுதான் சாத்தியமாயிருக்கிறது. இவ்வித ஆராய்ச்சிக்கு யூதர்களின் பள்ளிக்கூடங்களைக் காட்டிலும் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது என்று நாம் கருதுகிறோம். ஒரே வேதத்தைப் படித்து, ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஜனங்கள், அதே ஆபத்தின் முன்னால், ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் அதற்கு நேர் விரோதமாகவும் நடந்தார்கள். அதன் காரணத்தை அறிவது பொதுக் காரியங்களில் ஈடுபட்ட எவருக்கும் பயன் தரும்.

யூதருக்குப் பள்ளிக்கூடம் என்பது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கி. பி. முதல் நூற்றாண்டில், ஜெருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன், யெஹோஷுவா பென் கம்லா என்ற பிரதான குரு, ஊர்தோறும் உபாத்தியாயர்களை நியமித்து ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும்படி ஏற்பாடு செய்தார் என்று தால்மூத் கூறுகிறது. ஓர் உபாத்தியாயருக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்ற கணக்கும் அந்நூலிலேயே இருக்கிறது. ஆலயம் கட்டும் வேலைக்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தலாகாது என்பது அவர்களுடைய ஆசாரியர்களின் கொள்கை. கி. பி. 70-ல் ஆலயம் அழிந்தது, ராஜ்யமும் போயிற்று. நிலமும் சேனையும் இல்லாத ஒரு ஜனசமூகம், அந்நியர் நடுவே நூற்றாண்டுக் கணக்காகத் தன் பாஷையையும் வேதத்தையும் காத்துக்கொண்டதற்குப் பள்ளிக்கூடமே முக்கிய அரண். அப்படிப்பட்ட அரணின் கதவை அடை என்று சொல்வது யூதன் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே மதத்தில் இன்னொரு விதியும் உண்டு. உயிரைக் காப்பதற்காக ஏறக்குறைய எல்லா விதிகளையும் மீறலாம், மீறியே ஆகவேண்டும். விக்கிரக ஆராதனை, கொலை, தகாத உடலுறவு ஆகிய மூன்று மட்டுமே இதற்கு விலக்கு. ஓய்வுநாளின் கட்டுப்பாடுகளும், வருஷத்தின் மகா பரிசுத்தமான தினத்தின் உபவாசமும்கூட உயிருக்கு ஆபத்து என்றால் பின்னுக்குப் போய்விடும். ‘பிகுவாஹ் நெஃபெஷ்’ என்று இந்த விதிக்குப் பெயர். அபாயம் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அபாயம் இருக்கலாம் என்ற நியாயமான சந்தேகமே போதும். வக்கீல்கள் இதைக் கவனிக்க வேண்டும். சந்தேகத்தின் பலனை உயிருக்குக் கொடு என்பதே இச்சட்டத்தின் சாரம்.

இது ஏட்டில் மட்டும் இருந்த விதி அல்ல. 1831-ல் பிரஷ்யாவின் ஆட்சியிலிருந்த போஸன் நகரில் காலரா பரவியபோது, அந்நகரின் ரப்பியான அகிவா ஏகர், ஜெபாலயத்தில் ஒரே சமயத்தில் பதினைந்து பேருக்கு மேல் கூடாமல் சிறுசிறு கூட்டமாக ஜெபிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கட்டுப்பாடு மீறப்படாதபடி போலீஸ் உதவியையும் நாடினார். பிரஷ்ய மன்னர் அவருக்கு நன்றி தெரிவித்தார். 1848-ல் வில்னா நகரில் காலரா கண்டபோது, ரப்பி இஸ்ரேல் ஸலாண்டர், பாப நிவர்த்தி தினத்தில் உபவாசத்தினால் தேகம் தளர்ந்து நோய்க்கு இரையாக வேண்டாம் என்று ஜனங்களுக்கு அனுமதி அளித்தார். அவர் தாமே ஜெபாலயத்தில் எல்லோரும் காண உணவு உட்கொண்டார் என்றும் ஒரு வரலாறு உண்டு. பிறருக்குச் சொல்லும் விதியைத் தலைவன் தன்மேல் முதலில் போட்டுக்கொண்டதால்தான், அந்த வரலாறு இன்றளவும் பேசப்பட்டு வருகிறது.

இனி 2020-ம் வருஷத்துக்கு வருவோம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலுள்ள ரிவர்டேலில் எஸ். ஏ. ஆர். என்று அழைக்கப்படும் யூதப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தப் பெயரின் முதலெழுத்து ஸலாண்டரையே குறிக்கிறது. மார்ச்சு மாத ஆரம்பத்தில் அப்பள்ளியோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்தில் நோய் கண்டது. மார்ச்சு 3-ந் தேதியன்றே பள்ளி மூடப்பட்டது. நகரத்தின் பொதுப் பள்ளிகள் மூடப்பட்டது மார்ச்சு 16-ந் தேதி. அதாவது சர்க்கார் முடிவுக்கு வருவதற்கு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பே, ஒரு தனிச் சமூகத்தின் பள்ளி, அபாயத்தை உணர்ந்து தன் கதவை அடைத்துக்கொண்டது. மார்ச்சு 10-ந் தேதி பக்கத்திலுள்ள நியூ ரோஷல் நகரில், ஒரு ஜெபாலயத்தை மையமாகக் கொண்டு ஒரு மைல் ஆரமுள்ள கட்டுப்பாட்டு வட்டாரத்தைக் கவர்னர் அறிவித்தார். மார்ச்சு 12-ந் தேதி, நியூ ஜெர்ஸியிலுள்ள பெர்கன் கவுண்டியின் ரப்பிகள் சபை ஜெபாலயங்களை மூடச் செய்ததுடன், வீடுகளில் கூட்டு ஜெபத்தையும் தடுத்தது. பத்து ஆடவர் கூடினாலன்றி நடைபெறாத ஜெபம் அது. தந்தையை இழந்த மகன் சொல்ல வேண்டிய மந்திரமும் அக்கூட்டத்தில்தான் சொல்லப்பட வேண்டும். அதைக் கைவிடுவது எளிதான காரியம் அல்ல. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அதைக் கைவிட்டார்கள்.

கதவு மூடியது, கடமை மூடவில்லை. சில நாட்களுக்குள் பாடங்கள் கணினித் திரைக்கு மாறின. மார்ச்சு 9-ந் தேதி இரவு பூரிம் பண்டிகை வந்தது. ஏப்ரல் 8-ந் தேதி மாலை பஸ்கா வந்தது. பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கப் பாட்டனார் விடை சொல்வது பஸ்கா இரவின் வழக்கம். அவ்வருஷம் அநேக வீடுகளில் பாட்டனாரும் பேரனும் வெவ்வேறு வீட்டில் தனித்து அமர்ந்தார்கள். பண்டிகை தினத்தில் மின்சாரக் கருவிகளை இயக்கலாகாது என்பது வைதிக யூதரின் விதி. தனித்திருக்கும் முதியோரின் மனத்துயரும் உயிருக்கு அபாயமே என்று கருதி, இஸ்ரேலிலுள்ள ரப்பிகள் சிலர் பஸ்கா இரவில் திரையின் மூலம் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள அனுமதித்தார்கள். பிரதான ரப்பிகள் அதை மறுத்தார்கள். இந்த வாதத்தில் நாம் பிரவேசிக்க விரும்பவில்லை. இரு கட்சியாரும் உயிரையும் விதியையும் ஒரே தராசில் வைத்து எடை போட்டார்கள் என்பதைச் சொன்னால் போதும். நோயிலிருந்து மீண்டவர்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து, பிறருக்குச் சிகிச்சை செய்வதற்காகத் தங்கள் ரத்தத்தின் நீர்ப்பகுதியைத் தானம் செய்தார்கள். அச்சிகிச்சையின் பலன் எதிர்பார்த்த அளவு இல்லையென்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் கூறின. தானத்தின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

முதலில் நோய் கண்ட சமூகத்துக்கு முதலில் கிடைத்தது அநுதாபம் அன்று. அந்த மார்ச்சு மாதத்தில் யெஷிவா சர்வகலாசாலையின் கூடைப்பந்துக் குழு பந்தயத்துக்காகப் பால்டிமோர் சென்றபோது, ஒரு ஹோட்டல் அவர்களுக்கு ஏற்பட்டிருந்த இடத்தை ரத்து செய்தது. விளையாட்டுக்காரர் எவருக்கும் நோய் இல்லை. அச்சர்வகலாசாலையின் வேறொரு மாணவருக்கு நோய் என்பதே காரணம். ஐரோப்பாவில் பதினாலாம் நூற்றாண்டுக் கொள்ளைநோயின்போது, கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்ற பொய்ப்பழியைச் சுமத்தி யூதர்களை உயிரோடு கொளுத்திய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, இத்தகைய சிறு அவமானமும் பெரிதாகவே தோன்றும். நோய்க்கு ஜாதி கற்பிக்கும் மூடத்தனம் எந்த நூற்றாண்டிலும் சாகவில்லை.

இது சித்திரத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தை மறைப்பது பத்திரிகைத் தர்மம் ஆகாது.

ஹரேதி என்று அழைக்கப்படும் கடும் வைதிக யூதர்களிடையே நிலைமை வேறாக இருந்தது. இஸ்ரேலில் அவர்களுடைய பெருந்தலைவர்களில் ஒருவரான ரப்பி ஹயீம் கனியெவ்ஸ்கி, 2020 மார்ச்சு நடுவில் வேதப் படிப்பு நிற்கலாகாது என்றார். அம்மாத முடிவிற்குள் அபாயம் தெளிவானதும், தனித்து ஜெபிக்கும்படி கண்டிப்பாகக் கூறினார். ஆனால் அதற்குள் அவர் வாழ்ந்த புனே பிராக் நகரில் நோய் வேரூன்றிவிட்டது. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஜனங்கள் நெருங்கி வாழும் அந்நகரை ஏப்ரல் ஆரம்பத்தில் சர்க்கார் தடை வட்டாரமாக்கினார்கள். அவ்வருஷம் அக்டோபரில், சர்க்கார் தடை நீங்காதிருக்கையிலேயே, சிறுவர் பள்ளிகளைத் திறக்கும்படி அவர் சொல்லவே, பல பள்ளிகள் திறக்கப்பட்டன. அதே அக்டோபரில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நோய் மிகுந்த வட்டாரங்களின் பள்ளிகளைக் கவர்னர் மூடியபோது, வைதிக யூதர்கள் தெருவில் கூடி முகக்கவசங்களைக் கொளுத்தினார்கள். ஜெபாலயங்களில் கூடுவோரின் எண்ணிக்கைக்கு விதித்த வரம்பு, நவம்பர் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது.

இவர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம், நியாயமாகாது. இவர்களில் அநேகருடைய வீட்டில் கணினி கிடையாது. இணையம் தகாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. சிறிய வீட்டில் ஏழெட்டுக் குழந்தைகள். பள்ளி மூடினால் பாடமே இல்லை. டெலிபோன் மூலம் பாடம் கேட்க ஏற்பாடு செய்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும்? மேலும் சர்க்கார் சில கூட்டங்களை அனுமதித்துத் தங்கள் கூட்டத்தை மட்டும் தடுக்கிறார்கள் என்ற மனக்கசப்பு அவர்களுக்கு இருந்தது. ஜனங்களோடு கலந்து பேசாமல் பிறப்பிக்கும் உத்தரவுக்கு எந்த தேசத்திலும் இந்தக் கதிதான்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னும் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படிப்பு நிற்கலாகாது என்ற விதியைக் காட்டியவர்கள், சந்தேகத்தின் பலனை உயிருக்குக் கொடு என்ற விதியை மறந்தார்கள். பள்ளிக்கு வந்த சிறுவனுக்கு நோய் அநேகமாக லேசாகவே போயிற்று. ஆனால் அவன் அதைச் சுமந்து சென்றது பாட்டனார் இருக்கும் வீட்டுக்கு. பேருந்து ஓட்டுகிறவரும், பள்ளியைப் பெருக்குகிறவரும், யூதரல்லாத அண்டை வீட்டாரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். சமூகம் என்ற சொல்லின் எல்லையை எங்கே வகுப்பது என்பதுதான் இங்கே எழுந்த உண்மையான கேள்வி. ரிவர்டேலில் வகுத்த எல்லை அகலமானது. தெருவில் கவசத்தைக் கொளுத்தியவர்கள் வகுத்த எல்லை தங்கள் வாசற்படியோடு நின்றுவிட்டது.

அதனால் மூடியவர் யாவரும் நல்லவர், திறந்தவர் யாவரும் தீயவர் என்று சொல்ல வரவில்லை. 2020 மே மாதத்தில் இஸ்ரேல் சர்க்காரே பள்ளிகளைத் திறந்தார்கள். கடும் வெப்பத்தின் காரணமாக முகக்கவசம் வேண்டாம் என்று சில தினங்கள் விலக்கும் அளித்தார்கள். ஜெருசலேமில் ஒரே உயர்தரப் பள்ளியில் 153 மாணவருக்கும் 25 ஊழியருக்கும் நோய் கண்டது. சர்க்கார் அனுமதி நோய்க் கிருமியைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இது சாட்சி. மாறாக, அவ்வருஷ இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் யூதப் பள்ளிகள் பல, சிறு வகுப்புகளாகப் பிரித்து, கவசம் அணிவித்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, முற்றத்தில் கூடாரம் போட்டு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்தன. பொதுப் பள்ளிகள் மூடிக் கிடந்த ஊர்களில் அங்கிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நீண்ட நாள் வீட்டில் அடைபட்ட குழந்தை படிப்பில் மட்டுமின்றி மனத்திலும் தேய்கிறது என்பதை உலகம் அதற்குள் உணர்ந்துவிட்டது. மூட வேண்டிய நாளில் முதலில் மூடியவர்களே, திறக்க வேண்டிய நாளில் ஜாக்கிரதையாகத் திறக்கவும் வல்லவர்களாயிருந்தார்கள். இரண்டுக்கும் வேண்டிய குணம் ஒன்றுதான்.

இவ்விஷயத்தில் நம் தேசத்துக்கு ஒரு பழைய கடன் உண்டு. ஒடெஸ்ஸாவில் 1860-ல் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானி, பம்பாயைப் பிளேக் சூறையாடியபோது அங்கே தடுப்பு மருந்து கண்டு, 1897 ஜனவரி 10-ந் தேதி முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பரீட்சித்தார். பம்பாயிலுள்ள ஆராய்ச்சிசாலை 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தம் ஆஸ்தியைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத வேத பாடசாலைகளுக்கு எழுதி வைத்தார். அங்கே வேதத்தோடு விஞ்ஞானமும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். வேதத்தை விடாதே, உயிரைக் காக்கும் அறிவையும் விடாதே என்று தம் பொருளைக் கொண்டே சொல்லிவிட்டுப் போன அம்மனிதருக்கு, இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணமே இல்லை.

தர்மத்தைப் பள்ளியில் பாடமாக வைப்பது எளிது. அதற்கு விலை கொடுக்க வேண்டிய ஒரு நாள் வரும். அன்று உபாத்தியாயர்களும் நிர்வாகிகளும் பெற்றோரும் என்ன செய்கிறார்களோ, அதையே பிள்ளைகள் ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார்கள். 2020 மார்ச்சு 3-ந் தேதி ரிவர்டேலில் பாடம் நின்றுவிட்டது என்று சொல்பவர் விஷயத்தை அறியாதவர். அந்தப் பள்ளி அதுவரை நடத்திய பாடங்களிலெல்லாம் பெரிய பாடம் அன்றுதான் நடந்தது. அடுத்த கொள்ளைநோய் எந்த வருஷம் வரும் என்பதை எவரும் சொல்ல முடியாது. வருகிறபோது, உத்தரவுக்குக் காத்திராமல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சக்தி நம்மிடம் இருக்குமா என்பதை ஒவ்வொரு சமூகத்தின் தலைவர்களும் இன்றே தங்களைக் கேட்டுக்கொள்வது நலம்.