வெங்காய விலையும் வாக்கு எண்ணிக்கையும்



சிங்கப்பூரில் 2025 பொதுத்தேர்தல் முடிந்து போய்விட்டாலும் அதைப் பற்றிய கடிதங்கள் ஓயவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தால் இரண்டு வழக்குகள் தெரிகின்றன. முடிவு வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று, விலைவாசிக்கு யாரைக் குறை சொல்வது என்பது இன்னொன்று. தேக்கா உணவங்காடி மேசைகளிலும் இதே பேச்சுதான். தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரும், யாழ்ப்பாணத்து வழிவந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மூன்று நாட்டுத் தேர்தல்களும் அங்கே வந்து சேர்ந்துவிடும். அந்த மேசைப் பேச்சை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. சிங்கப்பூரில் வாக்களிப்பு இரவு எட்டு மணிக்கு முடிகிறது. முத்திரையிட்ட பெட்டிகள் எண்ணும் இடத்துக்கு வந்ததும், வேட்பாளர்களும் அவர்களுடைய முகவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சீட்டுகளை மேசையில் கொட்டிக் கலக்குகிறார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியின் குவியலிலிருந்தும் பாகுபாடு பார்க்காமல் நூறு சீட்டுகளை எடுத்து முதலில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதற்கேற்ப அந்தக் கணக்குகளைச் சேர்த்தால் கிடைப்பதுதான் மாதிரி எண்ணிக்கை. இது நான்கு விழுக்காட்டுப் புள்ளி கூடலாம், குறையலாம் என்பதையும் தேர்தல் துறையே சொல்லிவிடுகிறது. பொதுமக்களுக்கு இதை முதன்முதலாக வெளியிட்டது 2015 பொதுத்தேர்தலில். 2023 செப்டம்பர் 1 அன்று நடந்த அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னத்துக்கு மாதிரி எண்ணிக்கை 70 விழுக்காடு என்றது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணி முடித்தபோது 70.4.

இந்த ஏற்பாட்டின் அருமை 2011 ஆகஸ்ட் 27 இரவை விழித்துக் கழித்தவர்களுக்குத் தெரியும். எஸ். ஆர். நாதனின் பதவிக்காலம் முடியவிருந்த நிலையில் நடந்த அதிபர் தேர்தல் அது. நால்வர் போட்டியிட்டார்கள், நால்வருமே டான் குடும்பப் பெயர்க்காரர்கள். மக்கள் கையில் மாதிரி எண்ணிக்கை எதுவும் இல்லை. மறு எண்ணிக்கை வேறு நடந்தது. யார் யாரோ அனுப்பிய எண்கள் கைப்பேசிகளில் சுற்றின. முடிவு வந்தபோது அதிகாலை நான்கு மணி தாண்டிவிட்டது. இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட வாக்குகளில் டோனி டானுக்கும் டான் செங் போக்குக்கும் இடையே, வெளிநாட்டு வாக்குகளையும் சேர்த்து, 7,382 வாக்கு வித்தியாசம். அவ்வளவு நெருக்கமான போட்டியின் முடிவை அவசரப்பட்டு அறிவித்திருந்தால்தான் தவறு. இன்றைக்கு வித்தியாசம் இரண்டு விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆனால் மறுபடி எண்ணியே ஆக வேண்டும் என்பது விதி.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்களித்தது. எண்ணியது ஜூன் 4. இடையில் 46 நாள். "எட்டு மணிக்கு முடித்து விடிவதற்குள் முடிவு சொல்லும் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பொறுப்பது?" என்கிற தொனியில் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். என் கருத்து அதுவல்ல. ஏழு கட்டமாக நடந்த தேர்தல் அது. முதல் கட்டத்தின் முடிவை வெளியிட்டால் ஏழாம் கட்டத்தில் வாக்களிப்பவரின் மனம் அதைப் பார்த்து மாறும். அதனால் எல்லாரும் வாக்களித்து முடிக்கும்வரை பெட்டியைத் திறக்காமல் வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஜூன் 4 என்ற தேதியும் மார்ச் மாதமே அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே சொல்லிவைத்த காத்திருப்பை நம் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. வாக்களிப்பு நாள் மாலை ஏழு மணிக்குத் தமிழ்நாட்டில் 72.09 விழுக்காடு என்றார்கள். பிறகு அது 69.46 ஆயிற்று, கடைசியில் 69.72. மாலையில் சொன்னது அவசரமாகத் திரட்டிய தோராயக் கணக்கு என்று விளக்கம் வந்தது. நாடு முழுவதற்குமான முதல் கட்ட விழுக்காட்டைத் தேர்தல் ஆணையம் ஏப்ரல் 30 அன்றுதான், அதாவது 11 நாள் கழித்து, வெளியிட்டது. தொகுதிவாரியாக எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற முழு எண்ணிக்கை வந்தது மே 25 அன்று, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போன பிறகு. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதை 17சி படிவத்தில் எழுதி, அன்று மாலையே கட்சி முகவர்களிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அதாவது எண் இருந்தது, அதைக் கூட்டிச் சொல்வதில்தான் சுணக்கம். அந்த 11 நாளில் புகுந்த சந்தேகத்தை அப்புறம் எந்த விளக்கத்தாலும் முழுதாக வெளியேற்ற முடியவில்லை. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலிலும் இதுதான் கதை. பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கக்கூடாது என்பது சட்டம். எண்ணச் சில நாள் பிடிக்கும் என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள், மக்கள் மனம் அதற்குத் தயாராக இல்லை.

இரண்டாவது வழக்கு இதைவிடச் சூடானது. சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் வெங்காயம் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியா 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது, டிசம்பர் 8 அன்று ஏற்றுமதியையே தடை செய்தது. உள்ளூரில் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான். 1998இல் டெல்லி மாநில ஆட்சி கவிழ்ந்ததில் வெங்காயத்துக்கும் பங்குண்டு என்பதை அங்கே எந்தக் கட்சியும் மறக்காது. ஆனால் வாங்குகிறவரைக் காப்பாற்றப் போட்ட தடை விளைவிக்கிறவரைக் குத்தியது. மகாராஷ்டிர வெங்காய விவசாயிகள் கொதித்துப்போனார்கள். நாசிக் வட்டாரம் மே 20 அன்று வாக்களிக்கவிருந்த நிலையில், மே 4 அன்று தடை நீங்கியது. அந்த வட்டாரத்துத் தொகுதிகளை ஆளும் கூட்டணி அப்படியும் இழந்தது.

அரிசியிலும் இதே கதை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை. ஆகஸ்ட் இறுதியில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி. இட்லிக்கு ஊறப்போடும் அரிசி எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூருக்குச் சிறப்பாக 50,000 டன் வெள்ளை அரிசி அனுப்ப இந்தியா பிறகு அனுமதித்தது. அந்தச் சில மாதங்கள் தேக்காவில் இட்லி விலை ஏறியபோது கோபப்பட்டவர் யாரைத் திட்டியிருக்க வேண்டும்? முடிவெடுத்த அரசு டெல்லியில் இருந்தது, அதை உட்காரவைத்த வாக்காளர் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்தார். நம் வாக்குச்சீட்டில் அந்தப் பெயர்கள் இல்லை.

அதே காலத்தில் இங்கே பொருள் சேவை வரியும் ஏறியது. 2023 ஜனவரி 1 அன்று 7இலிருந்து 8, அடுத்த ஜனவரி 1 அன்று 9 விழுக்காடு. 2025 பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இதைத்தான் கையில் எடுத்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த வேளையில் வரியையும் ஏற்றி அதை முடுக்கிவிட்டீர்கள் என்றது. உக்ரேன் போரும் உலகளாவிய விநியோகச் சிக்கலுமே காரணம், வரியைத் தாங்கத்தான் உதவித் தொகைகளும் பற்றுச்சீட்டுகளும் என்றது ஆளும் மக்கள் செயல் கட்சி. இரண்டு பேச்சையும் கேட்டவர்கள் எங்களுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு பக்கம் முழுதாகச் சாய்ந்திருந்தன.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமே. 2023க்கான மூலாதாரப் பணவீக்கம் 3.5 முதல் 4.5 விழுக்காடு இருக்கும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் முன்னுரைத்தபோது, வரி உயர்வை நீக்கிவிட்டால் அது 2.5 முதல் 3.5 என்றும் சேர்த்தே சொன்னது. ஆண்டு முடிவில் வந்தது 4.2. ஆணையத்தின் அந்தக் கணக்குப்படி வரியின் பங்கு ஏறக்குறைய ஒரு விழுக்காட்டுப் புள்ளி. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் அளவும் அல்ல, எல்லாம் அதனால்தான் என்று சொல்லும் அளவும் அல்ல. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்குக் குறைவாக வியாபாரம் செய்யும் கடை இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பல தோசைக் கடைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அந்தக் கடைக்காரர் உங்களிடம் வரி வாங்குவதில்லை, ஆனால் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரி சேர்த்துத்தான் கொடுக்கிறார், அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. எனவே அவர் கடையில் ஏறிய இருபது, முப்பது காசில் அரிசி, எரிவாயு, வாடகை, ஆள்கூலி, வரி எல்லாம் கலந்திருக்கின்றன. அதை அவரே உட்கார்ந்து பிரித்தால்தான் உண்டு.

அப்படியானால் எந்த அரசாங்கத்தையும் எதற்கும் கேட்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் கேட்க வேண்டும். இலங்கையின் பொருளாதாரச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள், அரசின் வருமானம் சரிந்தது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது. கொவிட் அடியும் சுற்றுலா முடக்கமும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் வரிக் குறைப்பும் உரத்தடையும் கொழும்பில் கையெழுத்தானவை. அந்தப் பழிக்கு முகவரி இருந்தது. அன்றைய அதிபர் கோத்தபாய ராஜபக்ச 2022 ஜூலை 14 அன்று வந்திறங்கியது நம் சிங்கப்பூரில்தான், பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியதும் இங்கிருந்துதான்.

பழிக்குப் பார்க்கும் கணக்கைப் பெருமைக்கும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருள்களுக்கும் 10 விழுக்காடு வரி அறிவித்தது. வர்த்தக, தொழில் அமைச்சு அந்த ஆண்டின் வளர்ச்சி முன்னுரைப்பை 0 முதல் 2 விழுக்காடாகக் குறைத்தது. அந்தக் கலக்கத்தோடுதான் மே 3 அன்று வாக்களித்தோம். மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காடு வாக்குகளும் 97இல் 87 இடங்களும் பெற்றது. ஆகஸ்டில் முன்னுரைப்பு 1.5 முதல் 2.5 ஆயிற்று, நவம்பரில் ஏறக்குறைய 4. ஏப்ரலில் இறங்கியதற்கு வாஷிங்டன் காரணம் என்றால், நவம்பரில் ஏறியதில் உலகச் சந்தையின் மின்னணுத் தேவைக்கு எவ்வளவு பங்கு, நம் நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு என்று அதே நிதானத்தோடு பேச வேண்டும். மேடையில் அது நடக்காது. பத்திரிகையில் நடக்க வேண்டும்.

இந்தப் பேச்சில் ஒருவர் குரல் எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் நம் ஊழியரைச் சொல்கிறேன். இங்கே அவருக்கு வாக்கு இல்லை. இந்தியச் சட்டம் வெளிநாட்டில் இருப்பவருக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் கொடுக்கிறது, ஆனால் விமானம் ஏறித் தன் ஊர்ச் சாவடிக்கு நேரில் போனால்தான் வாக்கு. தினக்கூலி வாங்குகிறவர் எப்படிப் போவார்? சிங்கப்பூர் வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு 2023இலிருந்து தபால் வாக்கு வசதி செய்துவிட்டது. இந்தியாவில் அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. இங்கே விலைவாசியை அடக்க நாணய ஆணையம் 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஐந்து முறை கொள்கையை இறுக்கி வெள்ளியின் மதிப்பு ஏற வழிவிட்டது. வெள்ளி வலுத்தால் அவர் அனுப்பும் பணத்துக்கு ஊரில் கூடுதல் ரூபாய் கிடைக்கும். சாப்பாட்டு விலை ஏறினால் அனுப்ப மிஞ்சுவது குறையும். இரண்டு அரசுகளின் முடிவுகளும் அவருடைய ஒரே சம்பளச் சீட்டில் வந்து விழுகின்றன, இரண்டையும் பற்றி அவரை யாரும் கேட்பதில்லை.

அதனால் அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இதற்கு ஒதுக்குகிறோம். உணவுக் கடையோ மளிகைக் கடையோ நடத்தும் வாசகர்கள், 2022இல் ஒரு மாதச் செலவையும் இப்போதைய ஒரு மாதச் செலவையும் வாடகை, சரக்கு, எரிவாயு, கூலி, வரி என்று பிரித்து எழுதி அனுப்புங்கள். கடைப் பெயரை வெளியிட மாட்டோம். ஊழியர்கள் தங்கள் மாதக் கணக்கை எழுதலாம். கையால் எழுதினாலும் போதும், நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். கட்சிகளைத் தாங்கியோ தாக்கியோ எழுதும் கடிதங்களையும் போடுவோம், ஒரே நிபந்தனை: யாரைக் குறை சொல்கிறீர்களோ அவர் எப்போது எடுத்த எந்த முடிவுக்காக என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்