வாயைக் கட்டினால் போதுமா?

பருத்த உடலினர் ஒருவரைக் கண்ட மாத்திரத்தில் நம்மவர் நாவில் எழும் முதல் அறிவுரை 'வாயைக் கட்டு' என்பதாகும். திருமண மண்டபமாயினும், திருவிழாப் பந்தலாயினும், இழவு வீடேயாயினும் இவ்வறிவுரைக்குப் பஞ்சமில்லை. சொல்பவர் மருத்துவம் கற்றவர் அல்லர்; கேட்பவர் அதை வேண்டி நின்றவரும் அல்லர். ஆயினும் சொல் வந்து விழுகிறது. அதன் அடியில் ஒரு தீர்ப்பும் மறைந்து கிடக்கிறது. பருமன் என்பது பெருந்தீனிக்கும் சோம்பலுக்கும் கிடைத்த கூலி என்பதும், இளைக்காதவர் மனவுறுதி அற்றவர் என்பதுமே அத்தீர்ப்பு. இது பொய் என்பதோடு அமையாது, தீங்கு பயப்பதும் ஆகும்.

தோட்டம் விற்கப்பட்டபின் நகர்ப்புற அடுக்குமாடி வீட்டில் குடியேறிய ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரைக் கருதுவோம். இத்தகையோர் எல்லாத் தாமான்களிலும் உளர். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திடலைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறார். இரவுச் சோற்றை விட்டு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறார். கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கிப் பருகுகிறார். முதல் இரண்டு திங்களில் நான்கு கிலோ குறைகிறது. மூன்றாம் திங்களில் தராசு முள் நின்றுவிடுகிறது. ஆறாம் திங்களில், அவர் எதையும் மாற்றாதிருந்தும், இரண்டு கிலோ திரும்பி வருகிறது. 'ஒளித்து வைத்துத் தின்கிறாள் போலும்' என்கிறது அண்டை வீடு. 'இன்னும் குறையுங்கள்' என்று இரண்டு சொல்லில் அனுப்பிவைக்கிறது மருந்தகம். இறுதியில் அவரே தம்மைக் குற்றவாளி எனக் கொண்டு, நடையையும் நிறுத்திவிடுகிறார். இந்தக் கடைசி இழப்பே எல்லாவற்றினும் பெரிது.

அவருடைய உடலில் நிகழ்ந்தது என்ன? உடல் என்பது வரவும் செலவும் மட்டும் எழுதப்பட்ட மளிகைக் கணக்கேடு அன்று. வரவு குறைந்தால் தானே செலவைச் சுருக்கிக்கொள்ளும் உயிர்ப்பொருள். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் அறிஞர் 36 இளைஞர்களை ஆறு திங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்தம் உடல் ஓய்விற் செலவிட்ட ஆற்றலோ எடை குறைந்த அளவையும் விஞ்சிக் குறைந்தது. எந்நேரமும் உணவே நினைவாயிற்று. கட்டுப்பாடு நீங்கியதும் கொழுப்பு முன்னிருந்ததினும் மிகுதியாகச் சேர்ந்தது. தாமே முன்வந்து, கட்டுப்பாட்டுடன் ஆறு திங்கள் நோன்பு காத்த அவர்களையா மனவுறுதி அற்றவர் என்பது?

இன்னும் அண்மைக் காலத்துச் சான்று வேண்டுவோர்க்கு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் பங்குகொண்ட 14 பேரை ஆறாண்டு கழித்துக் கெவின் ஹால் என்பாரும் உடனாய்வாளரும் சோதித்தனர். சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்களிடம் 41 கிலோ திரும்பியிருந்தது. அதனினும் வியப்பு, அவர்தம் உடல்கள் அந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே ஓய்வில் செலவிட்டன. ஆறாண்டு கடந்தும் உடல் அப்பட்டினியை மறக்கவில்லை! 1994இல் கண்டறியப்பட்ட 'லெப்டின்' என்னும் சுரப்புநீர் கொழுப்பணுக்களிலிருந்து மூளைக்குச் செய்தி சொல்வது. கொழுப்புக் குறைய அதுவும் குறைகிறது; மூளை பசியைப் பெருக்குகிறது. இளைத்தவர் முன்னினும் பசித்திருப்பது இதனால்தான். ஒழுக்கக்கேட்டிற்கு இங்கு இடமேது?

நடைப்பயிற்சியின் கணக்கும் பலர் எண்ணுவது போன்றதன்று. ஒரு மணி நேர நடை ஏறத்தாழ 250 கலோரியைச் செலவழிக்கும். ஒற்றை ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி அடங்கியுள்ளது. இதனோடு தைராய்டுக் குறைபாடு, பெண்களின் சூற்பை நீர்க்கட்டி நோய், இன்சுலின், சிலவகை மனநோய் மருந்துகள், ஸ்டீராய்டு ஆகியனவும் எடையைக் கூட்ட வல்லவை. நீரிழிவுக்கு மருத்துவர் இடும் ஊசியாலேயே பருத்தவரை, 'வாயைக் கட்டாததால் பருத்தார்' என்று ஏசுவது எத்துணைக் கொடுமை!

'எங்கள் காலத்தில் தோட்டத்தில் பருத்தவர் யார் இருந்தார்?' என்று மீசையை நீவுவோர் உளர். இருந்திருக்க மாட்டார்தாம். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரம் சீவி, பால் வாளிகளைத் தூக்கி நடந்து, பங்கீட்டு அரிசியில் பிள்ளைகளுக்கு ஊட்டியது போக எஞ்சியதை உண்டவர் எங்ஙனம் பருப்பார்? அது தேர்ந்துகொண்ட கட்டுப்பாடன்று, வறுமை. வறுமையை ஒழுக்கமாக்கிப் போற்றுவது, பட்டினி கிடந்த பாட்டிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பூனா நகரை அடுத்த சிற்றூர்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் நிகழ்த்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்குப் பிறந்த மகவுகள் சராசரி 2.7 கிலோவும், இங்கிலாந்தில் பிறந்தவை 3.5 கிலோவும் இருந்தன. மெலிந்து பிறந்த இந்தியக் குழந்தைகளிடம் தசைதான் பெரிதும் குறைந்திருந்தது. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தோன்றும் நம்மவரையும் நீரிழிவு தேடி வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மனவுறுதிக் கோட்பாட்டினர் பின்வரும் கணக்கிற்கும் விடை கூறட்டும். மலேசிய நாட்டு நலவாய்வின்படி மிகுபருமன் உடையோர் 1996இல் நூற்றுக்கு 4.4 பேர், 2019இல் 19.7 பேர். 2023ஆம் ஆண்டு ஆய்விலோ, வளர்ந்தோருள் மிகையெடையும் மிகுபருமனும் உடையோர் சேர்ந்து 54.4 விழுக்காட்டினர். ஒரு தலைமுறைக்குள் நாட்டில் பாதிப்பேர் ஒருசேரச் சோம்பேறிகள் ஆகிவிட்டனரா? மாறியது மனித மனமா, அன்றி மனிதர் வாழும் தெருவா? உழைப்பு இயந்திரத்திற்குப் போயிற்று. நள்ளிரவிலும் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது. சர்க்கரை நீர் புட்டியில் அடைபட்டு வருகிறது. 2019 சூலையில் அரசு இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்ததே, குற்றம் குடிப்பவரிடம் மட்டும் இல்லை என அறிந்ததால் அன்றோ?

மேடைப் பேச்சாளர் சிலர் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைத் துணைக்கழைப்பர். அளவறிந்து உண்க என்றது அவர்களுக்கு நினைவிருக்கிறது. நோய் இன்னது எனத் தெளிந்து, அதன் மூலத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்க என்று அதே அதிகாரம் சொல்வது மட்டும் மறந்துபோகிறது. மாவும் தேநீரும் விற்று முப்பது நாளில் இளைக்கவைப்பதாக முழங்கும் வணிகரைப் பற்றி விரித்தல் வேண்டா. 'பயன் தரவில்லையாயின் நீங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை' என்னும் அவர்தம் மறுமொழியும் ஊரார் தீர்ப்பும் ஒரே சரக்கு.

அங்ஙனமாயின் உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் வீணா எனின், அன்று. அளக்கும் கோல்தான் தவறு. எடையில் ஏழு விழுக்காடு குறைத்தல், வாரம் 150 நிமிடம் நடத்தல் ஆகிய இலக்குகளோடு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2002இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்றவருள் அந்நோய்க்கு ஆளாவோர் தொகை அதனால் 58 விழுக்காடு குறைந்தது. எழுபது கிலோ உடையவர்க்கு ஏழு விழுக்காடு என்பது ஐந்து கிலோவுக்கும் குறைவே. மேற்சொன்ன பெண்மணி முதல் இரண்டு திங்களில் எட்டியது ஏறத்தாழ இதனைத்தான்! அவர் தோற்றவர் அல்லர். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து காட்டி, 'நடையை விடாதீர், அம்மா' எனச் சொல்ல ஒருவர் இல்லாமற்போனதே குறை.

பள்ளிகளும் இப்பழியினின்று தப்பா. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் தொடங்கிய எடைகுறைப்புத் திட்டம் பருத்த மாணவரைத் தனியே பிரித்துக் கூடுதல் பயிற்சி செய்ய வைத்தது. அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான 'டாஃப்' என்பதைத் தலைகீழாகப் படித்தால் பருமனைக் குறிக்கும் சொல்லே வரும். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. பருத்த மாணவர் தொகை குறைந்தது என்ற போதிலும், அவமதிப்புப் பற்றிய குறைகூறல் ஓயவில்லை. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான நலத்திட்டம் வந்தது. நம் நாட்டில் 'செகாக்' உடற்றகுதித் தேர்வின்போது நான்காம் ஆண்டு முதல் பிள்ளைகளின் எடையும் உயரமும் எடுக்கப்படுகின்றன. தராசைத் திரைக்குப் பின் வைப்பதற்கும், எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் ஏட்டில் மட்டும் குறிப்பதற்கும், வகுப்பில் 'குண்டு' என்னும் பட்டப்பெயர் எழும்போதே ஆசிரியர் அதனைத் தடுப்பதற்கும் கல்வியமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்விலேயே தொடங்கலாம்.