ஒரே தட்டைச் சுற்றி



இம்மாதம் உங்களை அடுப்பங்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். "போதகர் சமையல் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டாரா?" என்று சகோதரிகள் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள். இது பெரும்பாலும் அவருக்காகவே எழுதப்படுகிறது.

2018-ம் ஆண்டு மழைக்காலத்தில், மும்பையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஈரமான படிக்கட்டில் என் மனைவி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். அந்நாள்வரை நான் அடுப்பங்கரைக்குள் போனது தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே. முதல் வாரம் சபையார் மாறிமாறி உணவு கொண்டுவந்தார்கள். இரண்டாம் வாரம் கடைச் சாப்பாடு. மூன்றாம் வாரம் பணப்பையும் தாங்கவில்லை, வயிறும் தாங்கவில்லை.

வீட்டிலேயே அடைபட்டிருந்த அந்நாட்களில்தான் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. நாங்கள் நால்வர். இரவு வேலைக்குச் செல்லும் மகள் மாலை 6 மணிக்கே உண்டுவிட்டுப் புறப்படுவாள். மகன் டியூஷன் முடித்து வந்து 9 மணிக்குத் தொலைக்காட்சியின் முன் உண்பான். ஜெபக்கூட்டங்கள் முடித்து நான் உண்ணும்போது 10 மணி ஆகிவிடும். என் மனைவி எல்லோருக்கும் பின்பு, சட்டியின் அடியில் மிஞ்சியிருப்பதை, மேடையருகே நின்றபடியே உண்பார். ஓர் அறையும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள வீடு அது. அத்தனை நெருக்கத்தில் வாழ்ந்தும் நாங்கள் சேர்ந்து உண்ணவில்லை. மற்றவர்களின் வீடுகளுக்குச் சென்று குடும்ப ஐக்கியத்தைக் குறித்துப் பேசிவந்தவன் நான்.

அந்த வாரத்தில் நம் சபைச் சகோதரர் ஒருவர் எங்களைக் காண வந்தார். சரக்குக் கப்பலில் சமையற்காரராக வேலை செய்கிறவர், விடுமுறையில் வந்திருந்தார். என் நிலையைப் பார்த்து, "ஐயா, கோழியும் காய்கறியும் இருந்தால் போதும். மொராக்கோ தேசத்து வீட்டுச் சமையல் ஒன்றைச் சொல்லித் தருகிறேன். அடுப்புப் பழக்கம் இல்லாதவரும் செய்யலாம்" என்றார். அதைத்தான் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன்.

கூம்பு மூடிச் சட்டி

மொராக்கோ ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள தேசம். ஒருபுறம் அட்லாண்டிக் கடல், மறுபுறம் மத்தியதரைக் கடல், நடுவே அட்லஸ் மலைத்தொடர். அங்கே அரபியரும், அவர்களுக்கு முன்பிருந்தே அந்நிலத்தில் வாழும் அமாசிக் மக்களும் உள்ளனர். அவர்களுடைய அன்றாடச் சமையல் ஒன்றுக்குத் 'தஜீன்' என்று பெயர். சமைக்கும் மண்சட்டிக்கும் அதே பெயர்தான். அடிப்பகுதி ஆழமில்லாத அகலமான தட்டு. அதன்மேல் கூம்பு வடிவான உயர்ந்த மூடி.

அந்த மூடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கரியடுப்பின் மெல்லிய சூட்டில் இறைச்சியும் காய்களும் தங்கள் நீரையே ஆவியாக விடுகின்றன. ஆவி மேலேறி, சூடு குறைந்த மூடியில் பட்டுத் துளிகளாகி, மறுபடியும் சட்டிக்குள் இறங்குகிறது. ஆகையால் அதிகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. தண்ணீர் அருமையாகவும் விறகு குறைவாகவும் உள்ள வறண்ட நிலத்துக்கு ஏற்ற சமையல் இது. இன்று மொராக்கோவின் நகர வீடுகளில் அவசர நாட்களுக்கு பிரஷர் குக்கரும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். நகர வாழ்க்கை எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

கூம்பு மூடிச் சட்டி நம்மிடம் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். அடிகனமான அகன்ற பாத்திரம் ஒன்று போதும். விளிம்பு உயர்ந்த தட்டை அதன்மேல் மூடி, தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றிவையுங்கள். அந்தத் தண்ணீர் மூடியைக் குளிரவைப்பதால் ஆவி துளியாகி உள்ளே விழும். பாத்திரம் மெல்லியதாயிருந்தால், அடுப்பின்மேல் பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள், அடி பிடிக்காது. மண்சட்டியில் சமைக்க விரும்புவோர் அதை முன்னதாகத் தண்ணீரில் ஊறவைத்து, சிறு தீயிலேயே சூடேற்றவேண்டும். மும்பையில் உள்ளவர்களுக்குத் தாராவி கும்பார்வாடாவில் நல்ல சட்டிகள் கிடைக்கும்.

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

கோழி இறைச்சி, பெரிய துண்டுகளாக: 750 கிராம்
வெள்ளைக் கொண்டைக்கடலை: அரை கோப்பை
பெரிய வெங்காயம்: 3
தக்காளி: 2
காரட்: 2
உருளைக்கிழங்கு: 2
பூண்டு: 5 பல்
சுக்குத்தூள்: 1 தேக்கரண்டி (அல்லது ஓர் அங்குலம் பச்சை இஞ்சி)
சீரகத்தூள்: 1 தேக்கரண்டி
மஞ்சள்தூள், மிளகுத்தூள்: தலா அரைத் தேக்கரண்டி
காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த்தூள்: 1 தேக்கரண்டி
பட்டை: ஒரு சிறு துண்டு
எண்ணெய்: 3 மேசைக்கரண்டி
கொத்தமல்லித்தழை: ஒரு கைப்பிடி
உப்பில் ஊறிய எலுமிச்சை: 1, அல்லது உலர்திராட்சை: 2 மேசைக்கரண்டி
உப்பு: தேவையான அளவு

இந்தப் பட்டியலில் உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமானது எது? மொராக்கோவின் கடைகளில் பலவகை மசாலாக்களைக் கலந்து 'ரஸ் எல் ஹனூத்' என்று விற்பார்கள். 'கடையின் தலை' என்பது அதன் பொருள். கடையில் உள்ளவற்றில் சிறந்தது என்று கொள்ளலாம். அது இல்லாமலும் இந்தச் சமையல் நன்றாக அமையும். அவர்கள் ஆலிவ் எண்ணெய் சேர்ப்பார்கள். நமக்கு வீட்டில் உள்ள எண்ணெயே போதும்.

செய்முறை

கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் 5 அல்லது 6 விசில் விட்டு வேகவைத்துக்கொள்ளுங்கள். கோழித் துண்டுகளில் நசுக்கிய பூண்டு, எல்லாத் தூள்கள், உப்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பிசறி அரைமணி நேரம் வைத்திருங்கள்.

பாத்திரத்தின் அடியில் நறுக்கிய வெங்காயத்தைப் பரப்புங்கள். அதன்மேல் கோழியையும் பட்டையையும் வையுங்கள். அதற்குமேல் தக்காளி. காரட்டையும் உருளைக்கிழங்கையும் நீளவாக்கில் வெட்டி, கூடாரம்போல் சாய்த்து அடுக்குங்கள். பாதிக் கொத்தமல்லித்தழையைத் தூவி, ஓரமாக அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். தாளிப்பதும் இல்லை, வதக்குவதும் இல்லை, தேங்காய் அரைப்பதும் இல்லை.

ஆவி வரும்வரை நடுத்தரத் தீ. பின்பு மிகச் சிறிய தீ. 30 நிமிடம் கழித்து ஒருமுறை திறந்து, கடலையையும், எலுமிச்சை அல்லது திராட்சையையும் சேர்த்து மறுபடியும் 15 நிமிடம் மூடிவையுங்கள். குழம்பு நீர்த்திருந்தால் கடைசி 5 நிமிடம் திறந்து வற்றவிடுங்கள். மீதமுள்ள தழையைத் தூவி இறக்குங்கள். ஆட்டிறைச்சியானால், அதை வெங்காயம், மசாலாவுடன் முதலில் குக்கரில் 5 விசில் வேகவைத்துவிட்டுப் பிறகு காய்களை அடுக்குங்கள். இறைச்சி உண்ணாதவர்கள் கடலையை இரட்டிப்பாக்கி, பூசணியும் கத்தரிக்காயும் சேர்க்கலாம்.

நான் முதல்முறை செய்தபோது இரண்டு தவறுகள் செய்தேன். நம்பிக்கை இல்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து கிளறினேன். காய்கள் குழைந்து சாம்பாரைப் போலாகிவிட்டது. இரண்டாம்முறை அந்தச் சகோதரர் அருகில் நின்று, "கரண்டியைக் கீழே வையுங்கள், ஐயா. அது தானாக வேகும்" என்றார். அடிபிடிக்கும் என்று பயந்தால் பாத்திரத்தின் காதுகளைத் துணியால் பிடித்து மெல்ல ஒருமுறை அசையுங்கள். அதற்குமேல் தொடவேண்டாம்.

உப்பு எலுமிச்சை

இந்தச் சமையலுக்கு மணம் கொடுப்பது உப்பில் ஊறிய எலுமிச்சை. ஐந்து எலுமிச்சம்பழங்களை அடி பிரியாமல் நான்காகக் கீறி, உள்ளே உப்பை அடைத்துக் கண்ணாடிச் சாடியில் அழுத்தி, பழங்கள் மூழ்கும்வரை எலுமிச்சைச் சாறு ஊற்றிவையுங்கள். மூன்று நான்கு வாரங்களில் தோல் மிருதுவாகிவிடும். சதையை நீக்கிவிட்டுத் தோலைக் கழுவி நறுக்கிச் சேர்க்கவேண்டும். அதிலேயே உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறையுங்கள். மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் இட்ட ஊறுகாய் இதற்குப் பொருந்தாது.

இதில் ஒரு பழைய உறவும் உண்டு. மொராக்கோவின் டாஞ்சியர் நகரத்தில் 1304-ம் ஆண்டு பிறந்த பயணி இபின் பதூதா, 1325-ல் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, டில்லியில் முகமது பின் துக்ளக்கின்கீழ் நீதிபதியாகப் பணியாற்றி, பின்பு மதுரை வரையிலும் வந்தார். இந்நாட்டார் மாங்காயை உப்பிலிடுவதைக் கண்ட அவர், தம் நாட்டில் எலுமிச்சையை உப்பிலிடுவதுபோலவே என்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். தூர தேசத்தில் அலைந்த அந்த மனிதருக்கும் ஊறுகாயைக் கண்டதும் வீட்டு நினைவு வந்திருக்கிறது. ஊரைவிட்டு வந்து பட்டணத்தில் பிழைக்கும் நமக்கு அது புரியாதா?

உண்ணும் முறை

சமையலைவிட எனக்கு முக்கியமாய்ப் பட்டது அதை உண்ணும் முறையே. மொராக்கோ வீடுகளில் வழக்கமாகத் தனித்தனித் தட்டுகள் வைப்பதில்லை. எல்லோரும் கைகழுவி, தாழ்ந்த வட்ட மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். சட்டி நடுவில் வரும். கரண்டிக்குப் பதிலாக ரொட்டித் துண்டால் எடுத்து வலதுகையால் உண்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உள்ள பகுதியிலிருந்தே எடுக்கவேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது மரியாதையல்ல. இறைச்சி நடுவில் இருக்கும். காய்களும் குழம்பும் முடிந்தபின், வீட்டுப் பெரியவர் அதைப் பிரித்து மற்றவர்கள் பக்கம் தள்ளிவைப்பார்.

நாங்களும் ஒரு ஞாயிறு மாலை, மகள் வேலைக்குப் புறப்படுமுன் அப்படியே செய்தோம். தரையில் பாய் விரித்து, பெரிய தாம்பாளத்தில் குழம்பைக் கொட்டி, நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து, பாவ் ரொட்டியால் எடுத்து உண்டோம். இடதுகையால் தடுமாறிய என் மனைவிக்கு மகன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தான். இறைச்சியின் முறை வந்தபோது, வழக்கம்போல் என் மனைவி கழுத்துத் துண்டை எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பிடிக்கும் என்றே அந்நாள்வரை நான் நினைத்திருந்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் கால்துண்டைத் தன் தாயின் பக்கம் தள்ளிவைத்தாள். "எனக்கு வேண்டாம்மா, நீ சாப்பிடு" என்றார் இவர். "அம்மா, உங்களுக்குக் கழுத்துதான் பிடிக்கும் என்று இத்தனை வருடம் எங்களை நம்பவைத்துவிட்டீர்கள்" என்றாள் மகள். யாரும் பேசவில்லை. என் மனைவி அந்தத் துண்டை உண்டார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனித்தனித் தட்டுகளில் யாருக்கு என்ன கிடைத்தது என்று தெரிவதில்லை. ஒரே தட்டில் ஒன்றும் மறைவதில்லை.

சகோதரருக்கு ஒரு வார்த்தை

சமைப்பது ஆண்மைக்குக் குறைவு என்று நினைக்கும் சகோதரரே, மர்ராகேஷ் நகரத்தில் 'தன்ஜியா' என்று ஒரு சமையல் உண்டு. அது அங்கே ஆண்களின் சமையல் என்றே பெயர்பெற்றது. குடம்போன்ற மண்பாத்திரத்தில் இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பு எலுமிச்சை ஆகியவற்றை இட்டு, வாயைக் கட்டி, பொதுக் குளியல் இல்லத்தின் வெந்நீர் உலையில் கொடுத்துவிட்டுத் தொழிலாளர்கள் வேலைக்குப் போவார்கள். சாம்பல் சூட்டில் பலமணி நேரம் வெந்து அது ஆயத்தமாயிருக்கும்.

வேதத்திலும் யாக்கோபு கூழ் சமைத்தான். ஆனால் பசியோடு வந்த சகோதரனுக்கு அதை விலைக்கு விற்றான். உயிர்த்தெழுந்த ஆண்டவரோ கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் பிரயாசப்பட்டு வந்த சீஷர்களுக்கு விலையின்றிப் பரிமாறினார். அடுப்பண்டையில் நிற்பதோடு காரியம் முடிந்துவிடவில்லை. யாருக்காக நிற்கிறோம் என்பதே காரியம்.

என் மனைவியின் மணிக்கட்டு குணமாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும் ஞாயிறு மாலை அடுப்பு இன்றும் என்னுடையதே. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, வரும்போதெல்லாம் தாம்பாளத்தைத் தேடி எடுத்துவைக்கிறாள்.

வாரம் ஏழு நாளும் சேர்ந்து உண்ணப் பட்டண வாழ்க்கை விடாது என்பதை அறிவேன். ஒரு நாளைக் குறியுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவருக்கு மட்டும் தனித்தட்டில் கொடுங்கள். தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிடுங்கள். அடுப்பில் 45 நிமிடம் தானாக வேகும் இந்தக் குழம்பு உங்களுக்கு ஓய்வான நேரத்தையும் தரும். அந்நேரத்தில் உங்கள் மனைவியின் அருகில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். நடுவில் எழுந்துபோய்க் கிளறவேண்டாம்.

உங்கள் இல்லங்களில் சமாதானம் பெருகுவதாக. அடுத்த மாதம் சந்திப்போம்.